காலாண்டு முடிந்தது: விடுதி மாணவர்களின் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பள்ளி மறுபடி கலகலப்பாகிவிட்டது. தேர்ச்சி விகிதம் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதற்கு மாலை வகுப்பு தொடங்கியாயிற்று. கபடி அணி மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது. அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நல்லபடியாக நடந்தது. பங்கெடுத்த எல்லோருக்கும் பாராட்டுகள். பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, ஞாயிறன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு வீட்டுக்குப் போகிற அழுக்குத் துணி பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வந்து விடுதிப் பிள்ளைகளைப் பார்த்தார். காய்ச்சல், சளி பெரிதாக இல்லை. ஆனால் பையன்கள் விடுதியில் பலருக்குப் படர்தாமரை. இடுப்பைச் சுற்றி, தொடை இடுக்கில், அக்குளில் வட்ட வட்டமாக. சிலருக்கு விரலிடுக்கில் சொறி. வெட்கப்பட்டுச் சொல்லாமலே மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். இரண்டு பேர் மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, போட்ட இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு முன்னைவிட அகலமாகப் படரும் என்று மருத்துவர் கண்டித்துவிட்டுப் போனார். ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுக்காத எந்தக் களிம்பையும் தயவுசெய்து வாங்கிக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

படர்தாமரை ஒரு பூஞ்சை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றுப் புகாத இடமும் கிடைத்தால் அதற்குப் போதும். மருத்துவர் போன பிறகு விடுதிக் காப்பாளரும் நானும் அறை அறையாகப் போய்ப் பார்த்தோம். அது மூன்றும் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அரைகுறையாகக் காய்ந்த பனியனை உருட்டிப் பெட்டியில் திணித்து, மேலே புத்தகத்தை அடுக்கி, பூட்டும் போட்டிருக்கிறார்கள். ஒரு வாளியைத் தூக்கியதும் காப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீருடைச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. என்றைக்கு ஊறப்போட்டது என்று கேட்டால் பையனுக்கே நினைவில்லை. பையில் பேனா இருந்ததால் தண்ணீர் நல்ல நீல நிறம். தூய்மை பற்றிய திருக்குறளைக் காலை வழிபாட்டில் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளை அவன்.

நம் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்குத் துவைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளும் தேவையும் அவர்களுக்கு வரவில்லை. ஞாயிறன்று மதியம் வாசலில் நின்று பார்த்தால் காரணம் புரியும். வருகிற பையில் முறுக்கும் துவைத்து மடித்த துணியும், போகிற பையில் ஒரு வார அழுக்கு. பரமக்குடியிலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் பேருந்து மாறி வருகிற தாய்மார்கள் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். போன மாதம் ஒரு தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்கக் குழாயடியிலேயே மகனின் பத்து உருப்படியையும் கும்மிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் பார்க்கிற பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் புதன்கிழமை அவன் போட்டிருப்பது திங்கள்கிழமைப் பனியன் என்பதையும் அதே தாய்க்கு நான் சொல்லியாக வேண்டும்.

துவைப்பதில் என்ன இருக்கிறது, தண்ணீரில் போட்டு எடுப்பதுதானே என்று சில அப்பாக்கள் சிரித்தபடி சொல்கிறீர்கள். நம் ஊர்த் தண்ணீரில் அது அவ்வளவு எளிதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சாதாரண சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரிந்து துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். இதைப் பதினோராம் வகுப்பு வேதியியலில் ‘கடின நீர்’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறவன், குழாயடியில் குளிக்கிற சோப்பையே சட்டைக்கும் தேய்த்துவிட்டு, “நுரையே வரல சார்” என்கிறான். இந்தத் தண்ணீருக்குச் சலவைத் தூளோ டிடர்ஜென்ட் கட்டியோதான் சரி. அதையும் அளந்து போட வேண்டும். அரை பாக்கெட்டைக் கொட்டிவிட்டு ஒரு தண்ணீரில் அலசினால் தூள் துணியிலேயே தங்கி, வேர்வையோடு சேர்ந்து அரிக்கும். பாதி அரிப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அதனால் சென்ற இரண்டு சனிக்கிழமையும் காலையில் காப்பாளர் பையன்களைக் குழாயடியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பையைத் துழாவிப் பேனா, சில்லறை, பேருந்துச் சீட்டை எடுப்பதிலிருந்து தொடங்கினார். வெள்ளையைத் தனியாக வைப்பது, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல் எடுப்பது, முழுச் சட்டையையும் அடித்துக் கிழிக்காமல் காலரிலும் கைப்பட்டையிலும் மட்டும் சோப்பைத் தடவி பிரஷால் தேய்ப்பது. சாக்ஸும் கால்சட்டையும் கடைசியில். இரண்டு தண்ணீர், முடிந்தால் மூன்று தண்ணீர் அலசல்.

காயப்போடுவதில்தான் அவர் அதிக நேரம் நின்றார், சரியாகத்தான் நின்றார். பிழிந்ததை அப்படியே சுருணையாகக் கொடியில் வீசிவிட்டு ஓடுவதுதான் வழக்கம். உதற வேண்டும். இரண்டு உதறு உதறினாலே சுருக்கம் பாதி போய்விடும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் வேர்வை படுகிற பக்கத்துக்கு வெயில் கிடைக்கும், சாயமும் சீக்கிரம் வெளுக்காது. ஒன்றன்மேல் ஒன்று போடாமல் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும். கிளிப் மாட்ட வேண்டும்; நம் விடுதி மொட்டை மாடிக் காற்றுக்குப் போன வாரம் ஒரு லுங்கி தென்னை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுக்கும்போது துணியின் நடுவைத் தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. இடுப்புப் பட்டை, பையின் உள்துணி, கை ஓரத் தையல் இந்த மூன்றும்தான் கடைசியில் காயும். அங்கே கன்னத்தை வைத்துப் பார்த்துச் சில்லென்று இருந்தால் மறுபடி கொடிக்குப் போக வேண்டும்.

இனி வருவது வடகிழக்குப் பருவமழை. நம் மாவட்டத்துக்கு மழை என்றால் அதுதான். டிசம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. மழை நாளில் பெட்டியைக் காலி செய்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துவைக்கக் கூடாது. அன்றன்று போட்ட உள்ளாடையையும் பனியனையும் மட்டும் துவைத்து, காய்ந்த துண்டில் சுருட்டி ஒரு முறுக்கு முறுக்கி, காற்றோட்டமான தாழ்வாரத்தில் போட வேண்டும். ஜீன்ஸ் பேன்ட் கொடுத்தனுப்பாதீர்கள். மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது, மூன்றாம் நாள் ஈரத்தோடே மாட்டிக்கொள்வான்.

மாணவிகள் விடுதியில் சிக்கல் வேறு. அவர்கள் நன்றாகவே துவைக்கிறார்கள். ஆனால் உள்ளாடையைக் கொடியில் போட வெட்கப்பட்டு, சுடிதார் டாப்ஸுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறார்கள், அல்லது கட்டில் கம்பியிலேயே. மாதவிடாய்த் துணியும் அப்படித்தான். வெயில் படாத துணியால் வருகிற தொற்றைப் பற்றிப் பெண் காப்பாளர் அவர்களிடம் பேசிவிட்டார். மாடியில் ஒரு பக்கம் தடுப்புக் கட்டித் தனிக் கொடி போட்டிருக்கிறோம். அங்கே ஆண்கள் யாரும், மின் வேலைக்கு வருகிறவர் உட்பட, சொல்லாமல் ஏற மாட்டார்கள். அம்மாக்கள் வீட்டிலும் இதை ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். ஒளித்துக் காயப்போடும் பழக்கம் விடுதியில் தொடங்கியதில்லை.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள்.

மேல் வகுப்பு மாணவர் சிலர், பிஸ்கட்டும் தின்பண்டமும் கொடுத்து ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் துணியைத் துவைக்க வைத்திருக்கிறார்கள். விசாரித்தபோது, “அவனாத்தான் சார் கேட்டு வாங்கித் துவைச்சான்” என்று பதில். இது இனி ஒரு முறை நடந்தாலும் பெற்றோரை அழைக்காமல் தீர்க்கப்படாது. இரண்டாவது, துப்புரவுப் பணிக்கு வருகிற அம்மாவிடம் பணம் கொடுத்து மகன் துணியைத் துவைத்துப் போடச் சொன்ன பெற்றோர் உண்டு. அவர் மறுத்ததும், துணி துவைப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டு ஆம்பளப் பிள்ளைகள் அதைச் செய்ததில்லை என்று என்னிடம் வந்து சொன்னவரும் உண்டு. வீட்டு வழக்கம் வீட்டோடு இருக்கட்டும். இந்த வளாகத்துக்குள் துணி துவைக்கப் பிறந்தவர் என்று யாரும் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்தத் தெருவிலிருந்து வந்தவருக்கும் இது பொருந்தும். பாரிஸ்டராக இருந்த காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் சலவைச் செலவும் தாமதமும் கட்டுப்படியாகாமல் தாமே துவைத்து இஸ்திரி போடக் கற்றார். முதல் காலரில் கஞ்சி அதிகமாகி, நீதிமன்றத்தில் உதிர்ந்து, உடனிருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். பிற்பாடு 1912இல் தம் அரசியல் குரு கோகலே அங்கே போனபோது, கோகலேயின் குரு ரானடே அவருக்குப் பரிசளித்த அங்கவஸ்திரத்தை இஸ்திரி போட்டுக் கொடுக்கிற அளவுக்குக் கை தேர்ந்துவிட்டார். நம் பிள்ளைகளின் சட்டையும் முதல் சில வாரம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். வகுப்பில் யாரும் அதற்காகத் திட்ட மாட்டார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அடுத்த மாதம் முதல் ஞாயிறு தொடங்கி, அழுக்குத் துணி வளாகத்தை விட்டு வெளியே போகாது. காவலர் பையைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் சொல்லித்தான் பார்க்கிறார். கனமான போர்வை, பெட்ஷீட்டுக்கு விதிவிலக்கு உண்டு. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும் உண்டு. சொறி உள்ள பிள்ளைகளின் துணியை இப்போதைக்குக் காப்பாளர் மேற்பார்வையில் வெந்நீரில் தனியாகத் துவைக்கிறோம். அவர்கள் துணியையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட்டால்தான் அது போகும்.

துவைக்கும் நேரம் புதன் மாலை, சனிக்கிழமை காலை. புதன் மாலைப் படிப்பு நேரத்தில் அரை மணியைக் குறைத்திருக்கிறேன். தேர்வு வருகிற நேரத்தில் இது தேவையா என்று கேட்பீர்கள். இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காத பிள்ளை காலையில் என்ன படிப்பான்?

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பருத்தி உள்ளாடை ஐந்து செட், துண்டு இரண்டு, ஒரு டஜன் கிளிப், ஒரு பிரஷ். துணியில் பெயரை மார்க்கரில் எழுதாமல் நூலால் தைத்துவிடுங்கள். அரையாண்டு விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது வாஷிங் மெஷினைக் கண்ணில் காட்டாமல் அவன் துணியை அவனையே துவைக்க விடுங்கள். அப்பா துணியையும் சேர்த்துத் துவைக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள்.

கொடிக் கம்பி வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கும், மழைக்கு ஒதுங்கிக் காயப்போடத் தகரக் கொட்டகை போட்டுத் தந்த முன்னாள் மாணவர்களுக்கும் பள்ளியின் நன்றி. ஞாயிறுதோறும் வெயிலையும் கூட்டப் பேருந்தையும் பொருட்படுத்தாமல் வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகிற உங்கள் எல்லோருக்கும் தனியாக நன்றி. மூட்டை இல்லாத கையோடு இனி நிம்மதியாகப் போய் வாருங்கள். முறுக்குக்குத் தடை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: விடுதி அறைகளைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பெயரில்லாத துணிகள் அலுவலக வராந்தாவில் மேசையில் இருக்கின்றன. துவைத்துக் காயவைத்தாயிற்று. சட்டை, பனியன், ஒரு புத்தம் புது வேட்டி, ஜோடி சேராத சாக்ஸ் ஏராளம். இம்மாதக் கடைசிக்குள் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். வேட்டிக்கு ஏற்கனவே நான்கு பேர் உரிமை கோரியிருக்கிறார்கள், கரையின் நிறத்தைச் சரியாகச் சொல்பவருக்குத்தான் கிடைக்கும்.