ஹ்வேல்தியைப் பேசும் பாட்டிமார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 35 வருஷமாக உங்கள் நாளிதழைப் படித்துவருகிறேன். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். சென்ற மாத ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் சுற்றிவந்த ஒருவரின் பயணக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் மூன்று இடங்களில் மனசு உறுத்தியது. அது மனித வாடையே இல்லாத நிலம் என்று எழுதியிருந்தார். அங்கே 'வாழ்ந்த' செவ்விந்தியர்களுக்குச் செவிவழிக் கதைகளைத் தவிர வேறு வரலாறு கிடையாது என்றும் எழுதியிருந்தார். அப்புறம், சாலையோரக் கடையில் சாப்பிட்ட எண்ணெயில் பொரித்த ரொட்டி நம் ஊர்ப் பூரி மாதிரி இருந்தது என்று ஒரு வரி.

அந்த மக்கள் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். நாம் நவஹோ என்கிறோம். அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ரொட்டியை ஒரு தினே பாட்டியின் அடுப்படியில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நியூ மெக்சிகோவில் கேலப் என்ற ஊரில் செவிலியராக இருக்கிறாள். 2018 செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் அவளோடு இருந்தேன். அங்கே சனிக்கிழமைதோறும் சந்தை கூடும். என் மகளோடு வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி அந்தச் சந்தையில் நீலச் சோள மாவு விற்பார். வயது எண்பது. பேத்திதான் எங்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தாள்.

முதல் நாள் அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம் என்று நான்கைச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் அம்மா ஊர், அப்பா ஊர், இரண்டு தாத்தாமார் ஊர் என்று நானும் நான்கு சொன்னேன். சரி என்று தலையசைத்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

ஹ்வேல்தி என்ற சொல்லை அவரிடம்தான் முதலில் கேட்டேன். 1864 தொடங்கி அமெரிக்க ராணுவம் தினே மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பிடுங்கி, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடத்திக் கொண்டுபோய் அடைத்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. வரைபடத்தில் போஸ்க் ரெடோன்டோ என்றும் ஃபோர்ட் சம்னர் என்றும் இருக்கும். நான் ஆர்வக்கோளாறில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டுவிட்டேன். பாட்டி மாவுப் பையின் வாயைக் கட்டிக்கொண்டே, பனி விழட்டும் என்றார். அவ்வளவுதான். பேத்தி அப்புறம் விளக்கினாள். குள்ளநரிக் கதைகளைக் குளிர்காலத்தில்தான் சொல்வார்கள், ஹ்வேல்தி கதைக்குள்ளும் ஒரு குள்ளநரி வருகிறதாம். அதுபோக, அந்தப் பெயரைச் சும்மா சும்மா எடுத்தால் அந்தக் காலம் திரும்பி வந்துவிடும் என்று பயந்து, வாய் திறக்காமலே போய்ச்சேர்ந்த பெரியவர்களும் நிறைய.

நவம்பரில் பனி விழுந்தது. பாட்டி கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் சொன்னது அவருடைய பாட்டியின் அம்மாவின் கதை. அந்தக் கொள்ளுப்பாட்டி நடந்தபோது ஏழு வயசுச் சிறுமி. அவர் தன் மகளுக்குச் சொன்னார், மகள் தன் பேத்திக்குச் சொன்னார், அந்தப் பேத்தி எனக்குச் சொன்னார். நடுவே இரண்டே வாய்தான். 1864 எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டனின் கட்டளைப்படி 1863இல் கிட் கார்சன் படையோடு வந்தார். சோளக் காட்டைக் கொளுத்தினார்கள், ஆடுகளைச் சுட்டார்கள், அடுத்த கோடையில் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கின் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். பசியில்தான் மக்கள் சரணடைந்தார்கள். கொஞ்சம் பேர் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு செங்குத்துப் பாறையின் உச்சியில் ஏறி ஒளிந்திருந்து, கீழே காவல்காரர்கள் தூங்கும் நேரத்தில் கயிற்றில் சுரைக்குடுவையை இறக்கித் தண்ணீர் மொண்டார்களாம். பாட்டியின் குடும்பத்துக்கு அப்படி ஒரு பாறை கிடைக்கவில்லை.

நடந்த கூட்டங்கள் ஐம்பதுக்கும் மேல். மொத்தம் 8,000 பேருக்கு மேலானவர்கள். கொள்ளுப்பாட்டியின் சித்தி நிறைமாதம். இரண்டாம் வாரம் அவரால் எட்டு வைக்க முடியவில்லை. சிப்பாய் மற்றவர்களை முன்னால் போகச் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து துப்பாக்கிச் சத்தம். திரும்பிப் பார்க்காதே என்று சிறுமியின் தலையை அம்மா கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது பாட்டி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை மாவிலிருந்து எடுத்து, பேத்தியின் உச்சந்தலையில் வைத்து அமுக்கிக் காட்டினார். பேத்தியின் கறுப்பு முடியில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. இதே மாதிரிக் கதை தினே குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 1973இல் நவஹோ சமுதாயக் கல்லூரி பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து அச்சிட்ட வாக்குமூலங்களிலும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியாத குடும்பங்கள் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்கத் தோன்றுகிறது.

இப்போது ரொட்டிக்கு வருகிறேன். ஹ்வேல்தியில் ராணுவம் அளந்து கொடுத்தது கோதுமை மாவு, பன்றி இறைச்சி, காப்பிக்கொட்டை. சோளமும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதை என்ன செய்வார்கள்? மாவை அப்படியே தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள், வயிறு போனது. காப்பிக்கொட்டையை அவரைக்கொட்டை என்று நினைத்து வேகவைத்து, தண்ணீரை வடித்து வடித்துக் கொட்டினார்கள், அது வேகவே இல்லை. கோவேறு கழுதைச் சாணத்தில் செரிக்காமல் கிடந்த சோளத்தைப் பொறுக்கி, கழுவி, வறுத்துத் தின்றார்கள். கொள்ளுப்பாட்டி பொறுக்கியிருக்கிறார். அந்த மாவும் கொழுப்பும் சேர்ந்து பிறகு உண்டானதுதான் நம் பயணி ரசித்துச் சாப்பிட்ட ரொட்டி. பாட்டி ரொட்டி தட்டி முடித்ததும் பலகையில் ஒட்டியிருந்த மாவை உள்ளங்கை ஓரத்தால் வழித்து, ஒரு சிட்டிகைகூட விடாமல் பையில் போட்டார். அவருடைய பாட்டி செய்ததைப் பார்த்து வந்த பழக்கமாம்.

5,000 பேருக்கு என்று போட்ட திட்டத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம் பேரை அடைத்தார்கள். பெக்கோஸ் ஆற்றுத் தண்ணீர் உப்பு. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. விறகு தீர்ந்து, மரவேரைத் தோண்ட மைல் கணக்காக நடந்தார்கள். தினே ஆட்கள் ரேஷன் சீட்டைப் போலவே சீட்டுச் செய்து கூடுதலாக மாவு வாங்கினார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி சிரித்தார். அங்கே செத்தவர்கள் 2,000க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

குள்ளநரி வருவது இதற்குப் பிறகு. 1868இல் பார்போன்சிட்டோ என்ற தலைவர் ஒரு சடங்கு செய்தார். மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று ஒரு பெண் குள்ளநரியைப் பிடித்தார்கள். அவர் அதன் வாயில் வெண்சங்கு மணியை வைத்து விட்டார். அது மெல்ல நடந்து மேற்கே போனது. மேற்கேதான் அவர்கள் ஊர். அப்புறம்தான் அவர் அமெரிக்க அரசின் சார்பில் வந்த ஜெனரல் ஷெர்மனிடம் பேச உட்கார்ந்தார். வேறு இடத்துக்கு அனுப்புவது பற்றி ஷெர்மன் பேசினார், பார்போன்சிட்டோ எங்கள் மண்ணைத் தவிர வேறு எங்கும் போகமாட்டோம் என்று நின்றார். ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் ஆனது, 18ஆம் தேதி திரும்பி நடந்தார்கள், 16 கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசை. அவர்கள் நாட்டுக்கு நான்கு திசையிலும் நான்கு புனித மலைகள். தெற்கு மலை தூரத்தில் தெரிந்ததும் கொள்ளுப்பாட்டியின் அம்மா தரையில் உட்கார்ந்து, மண்ணைத் தடவித் தடவி அதனோடு பேசினாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். அது மண்ணுக்குச் சொன்னது, நமக்கு இல்லை என்றார் பாட்டி.

டிசம்பரில் நானும் மகளும் ஃபோர்ட் சம்னருக்குக் காரில் போனோம். பாட்டி வரவில்லை. போகவும் வேண்டாம் என்றார், போனால் அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்து வராதே என்றார். 2005இல் திறந்த நினைவகம் இருக்கிறது. அதற்கும் காரணம் பிள்ளைகள்தான். 1990இல் அங்கே வந்த நவஹோ மாணவர்கள் சிலர், எங்கள் முன்னோருக்கு நடந்த உண்மை இங்கே சொல்லப்படவில்லை என்று ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருக்காவிட்டால் உண்மை எது என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நாங்கள் திரும்பி வந்ததும் பாட்டி எங்களை வாசலிலேயே நிறுத்தி, சீடார் இலையைத் தணலில் போட்டுப் புகை காட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

ஏட்டு ஆதாரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1868 ஒப்பந்தத்தின் அசல், 150ஆம் ஆண்டை ஒட்டி 2018 ஜூனில் நவஹோ தலைநகர் விண்டோ ராக்கில் பார்வைக்கு வைக்கப்பட்டது. பாட்டி வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட எக்ஸ் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணினாராம். இன்னொரு பிரதி, அமெரிக்கத் தரப்பில் ஒப்பந்தம் பேசிய டப்பன் என்பவருடைய குடும்பத்தில் வந்த ஒருவரின் வீட்டுப் பரணில் கிடந்து, 2019இல்தான் நவஹோ மக்களிடம் வந்து சேர்ந்தது. காகிதம் பரணில் கிடந்த அத்தனை காலமும் கதையை வைத்துக் காப்பாற்றியவர்கள் இந்தப் பாட்டிமார்.

ஹ்வேல்தியோடு முடிந்துவிடவும் இல்லை. 1930களில் மேய்ச்சல் நிலம் கெடுகிறது என்று சொல்லி அரசு அவர்கள் ஆடுகளைக் குறைத்தது, நிறைய ஆடுகளைச் சுட்டுப் போட்டார்கள். பாட்டியின் அம்மா அதைக் கண்ணால் பார்த்தவர். 1974இல் வந்த நிலப் பிரிவினைச் சட்டத்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்கள் மறுபடி வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. பாட்டி இவற்றையெல்லாம் ஒரே கதையாகத்தான் சொன்னார்.

பிப்ரவரியில் நான் கிளம்பும் முன், பாட்டி என்னைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். 32 வருஷம் பிள்ளைகளைப் பாடம் ஒப்பிக்க வைத்தவள், அன்று நான் ஒப்பித்தேன். நடந்தபோது சிறுமியின் அம்மா கைக்குழந்தையை முதுகில் சுமந்தார் என்று சொன்னதும், தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஒன்பது வயதுக் கொள்ளுப்பேரன் தலையைத் தூக்காமலே, அம்மா இல்லை, அந்தச் சிறுமிதான் தம்பியைச் சுமந்தாள், ஆற்றங்கரை வரைக்கும் என்றான். ஆற்றுக்கு அப்புறம் என்று நான் கேட்கவில்லை. பாட்டி பேசாமல் உதட்டைக் குவித்து அவனைச் சுட்டினார். எங்கள் ஊரில் இதை எழுதலாமா என்று கேட்டேன். குலப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம், நடந்ததை எழுது என்றார்.

2020 மே மாதம், ஆள்தொகைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தால் நியூயார்க்கையும் தாண்டி நவஹோ நாட்டில் கொரோனா பரவியிருந்தது. அந்த மாதம் பாட்டி போய்விட்டார். போனவர்களின் பெயரைச் சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். போன டிசம்பரில் வீடியோ அழைப்பில் பேசியபோது, தன் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பனி விழுந்துவிட்டதா என்று கேட்டேன். முந்தின நாள்தான் விழுந்தது என்றான்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அது தினே மக்கள் வாழ்கிற நாடு, அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்று இரண்டு வரி போதும். செவ்விந்தியர் என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இருக்கிறது. அந்த ரொட்டியைப் பற்றியும் இடமிருந்தால் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சங்கரன்கோவில்.