செயலாளரின் ஆண்டறிக்கை: சங்கீத வகுப்பும் கணினி விளையாட்டும்

அங்கத்தவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகசபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, சந்தா வழமைபோல் பிந்தித்தான் வந்தது, நவராத்திரிக்குப் பிள்ளைகள் பாடினார்கள், கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி உவர்மலையிலும் சரி, உப்புவெளியிலும் சரி, என்னை மறித்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "சங்கீத வகுப்பில கேம் விளையாட விடுறீங்களாமே?"

ஓம், விடுகிறோம். நமது பிள்ளைகளில் பலர் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகிறவர்கள். சரளி வரிசை பாடச் சொன்னால் கணீரென்று பாடுவார்கள், ஆனால் தாளத்தின் உறுப்புகளான லகுவுக்கும் திருதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கொப்பியில் இருப்பதை அப்படியே ஒப்புவிப்பார்கள். அறிமுறை என்றாலே கொட்டாவி.

முதலில் ஜிகொம்ப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். பழைய கணினியிலும் ஓடும், இணையமும் தேவையில்லை. பியானோக் கட்டையை அமத்தி மேற்கத்தேய சுரத்தின் பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டு சின்னவர்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் நமக்கு வேண்டிய ஸரிகம அதில் இல்லை. யாரோ செய்துவைத்த விளையாட்டில் பிள்ளை புள்ளி எடுக்கப் பழகுகிற அளவுக்குக் காது பழகாது என்பது என் அபிப்பிராயம். ரீச்சர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

பிறகுதான் ஸ்கிராச் என்ற மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து 2007இல் வெளியிட்டது, பிள்ளைகளே கட்டளைக் கட்டங்களை அடுக்கித் தங்கள் விளையாட்டைச் செய்யலாம். அதில் ஒவ்வொரு சுரமும் ஓர் எண். 60ஐ ஸட்ஜமாக வைத்து 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்று போட்டால் மாயாமாளவகௌளை ஏறும். ஒரு பிள்ளை விளையாட்டாக 61ஐ 62 ஆக்கி, 68ஐ 69 ஆக்கிவிட்டு, "ரீச்சர், இது வேற ராகம் மாதிரி இருக்கு" என்றது. வேறு ராகம்தான், சங்கராபரணம்! ரிஷபமும் தைவதமும் மட்டும் மாறினால் 15ஆவது மேளம் (தாய் ராகம்) 29ஆவது ஆகிறதென்று ரீச்சர் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பா. அன்றைக்கே 65ஐ 66 ஆக்கி, மத்திமம் மாறினால் மேள எண்ணோடு 36 கூடும், 29 போய் 65 மேசகல்யாணி வரும் என்பதையும் காதால் கேட்டுவிட்டார்கள். மேளத்தைச் சொல்லாமல் ஒலிக்கவிட்டு மற்றவர்களைக் கண்டுபிடிக்க வைக்கிற போட்டியை அவர்களே செய்தார்கள், அதில் பெரியவர்கள் தோற்றதை இங்கே எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னார்.

தாள விளையாட்டில்தான் சிக்கல். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு அட்சரத்துக்கும் ஒலி வரும்போது கட்டையை அமத்த வேண்டும், பிந்தினால் புள்ளி இல்லை. நன்றாகத் தாளம் போடுகிற பிள்ளைகளே தோற்றுக்கொண்டிருந்தார்கள். மிருதங்க மாஸ்ரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை சரியாத்தான் தட்டுது, உங்கட பெட்டிதான் பிந்துது" என்றார். உண்மைதான், புளூரூத் ஸ்பீக்கரில் ஒலி கொஞ்சம் தாமதித்துத்தான் வெளியே வரும். பேச்சுக் கேட்க அது பரவாயில்லை, தாளத்துக்குச் சரிவராது. வயர் போட்ட ஸ்பீக்கருக்கு மாறினோம். ஒரு கை தொடையில் தாளம் போட, மற்றக் கை கட்டையில் இருக்க வேண்டும் என்று மாஸ்ரர் விதித்ததையும் அப்படியே வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் கண்தான் எண்ணுமாம்.

சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் இதில் வராது. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு எந்த எண் போடுவதென்று ஒரு பிள்ளை கேட்டதற்கு ரீச்சர் கணினியை மூடிவிட்டுப் பாடிக் காட்டினா. ஆகவே வகுப்பைக் குறைத்துவிட்டு இதை வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகசபை ஏற்கவில்லை. பாட்டு முடிந்த பிறகு கடைசி அரை மணித்தியாலம் மட்டுமே கணினி.

வருகிற ஆண்டுக்கு ரூபகம், மிஸ்ர சாபு என்ற தாளங்கள் இரண்டுக்கும் பெரிய பிள்ளைகளைக் கொண்டே விளையாட்டுச் செய்விக்க உத்தேசம். வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடந்தால் தாருங்கள். தயவுசெய்து சார்ஜரோடு தாருங்கள், சார்ஜர் இல்லாமல் ஏற்கெனவே அலுமாரியில் சில கிடக்கின்றன.