முப்பது மூட்டை ஏன் இருபத்துமூன்று ஆனது: எங்கள் பிக்கப் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியில் நான்கு பிக்கப் வண்டிகளையும் இரண்டு குட்டியானைகளையும் (சிறிய சரக்கு வண்டிகள்) வைத்துக்கொண்டு தேங்காய், இளநீர், கட்டுமானப் பொருள், வீட்டுச் சாமான் என எது வந்தாலும் ஏற்றி இறக்கி வரும் எங்களிடம், ஆறு மாதமாக ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது: "முன்னெல்லாம் முப்பது மூட்டை சிமெண்ட் ஏத்துவீங்க, இப்ப மட்டும் என்ன இருபத்துமூணோட நிறுத்திடுறீங்க?" நீங்கள் கேட்பது நியாயம்தான், நாங்கள் முன்பு முப்பது ஏற்றியதும் உண்மைதான். அதை மறைத்துப் புதிதாக ஒழுக்கம் பேச வரவில்லை. ஏன் மாற்றினோம், சட்டம் என்ன சொல்கிறது, இனி லோடு சொல்லும்போது எங்களிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை ஒருமுறை எழுத்தில் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் வாதாட வேண்டியதில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

சென்ற ஐப்பசி மழையில் உடுமலைச் சாலையில் எங்கள் வண்டி ஒன்றின் பின்பக்க டயர் வெடித்தது. வண்டியில் முப்பத்திரண்டு மூட்டை சிமெண்ட் இருந்தது. ஓட்டுநர் எப்படியோ சாலையோரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்; யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் தார்ப்பாய் விலகி நனைந்த மூட்டைகள் மறுநாள் காலையில் கல்லாகக் கிடந்தன. அந்த நஷ்டத்தை நாங்களே ஏற்றோம். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று விசாரித்தபோது, முதலில் கேட்கப்பட்டதே எடை மேடைச் சீட்டுதான். எங்களிடம் அந்தச் சீட்டு இல்லை. இருந்திருந்தாலும் அதைக் காட்டியிருக்க முடியாது.

இனி கணக்குக்கு வருகிறோம். எங்கள் பெரிய பிக்கப் ஒன்றின் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், சரக்கோடு சேர்த்து மொத்த எடை 2,990 கிலோ என்றும், வெற்று எடை 1,690 கிலோ என்றும் அச்சாகியிருக்கிறது. கழித்தால் 1,300 வருவதால், 'ஒன்றே கால் டன்னுக்கு மேல் தாங்கும் வண்டி' என்று எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தில் வெற்று எடை என்பதற்கு உள்ள வரையறையில் ஓட்டுநரின் எடையோ உதவியாளரின் எடையோ சேராது. அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் அந்த எடை சரக்குக்குரிய 1,300 கிலோவிலிருந்துதான் குறைகிறது. ஓட்டுநரும் ஒரு லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ என்று வைத்தால், சரக்குக்கு மிஞ்சுவது 1,170 கிலோ. 50 கிலோ மூட்டையில் இருபத்துமூன்று போட்டால் 1,150. இருபத்துநான்காவது மூட்டை வரம்பைத் தாண்டிவிடுகிறது. இருபத்துமூன்று என்ற எண் இப்படி வந்ததே தவிர, வாடகையை ஏற்றுவதற்காக நாங்கள் கண்டுபிடித்தது அன்று.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் முன்பு 2,000 ரூபாயும் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயும் அபராதமாக இருந்தன. 2019 செப்டம்பர் 1 முதல் அது 20,000 ரூபாயாகவும் டன்னுக்கு 2,000 ரூபாயாகவும் உயர்ந்துவிட்டது. அதோடு, கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி அங்கிருந்து நகர முடியும், இறக்கும் கூலியும் நம் தலையில்தான். எடை போட நிறுத்தச் சொல்லி ஓட்டுநர் நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய். வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்லாமல் ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே அந்தப் பிரிவு பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழு மூட்டை கூடுதலாக ஏற்றி மிச்சப்படுத்தும் வாடகையையும், நடுச்சாலையில் ஏழு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிற்பதையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, "2018-லேயே அரசாங்கம் லோடைக் கூட்டிடுச்சே" என்பது. கூட்டியது உண்மை, ஆனால் அது பெரிய லாரிகளின் அச்சு எடை வரம்பைப் பற்றியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. எங்கள் வண்டியின் மொத்த எடையே மூன்று டன்னுக்குள் இருக்கும்போது அந்த அறிவிப்பால் எங்களுக்குக் கூடுவது எதுவுமில்லை, ஆர்.சி.யில் உள்ளதே எங்கள் வரம்பு. இரண்டாவது, "கூட ரெண்டு பட்டை போட்டுட்டா வண்டி தாங்குமே" என்பது. பட்டை, அதாவது அச்சுக்கு மேல் உள்ள வில் தகடு, கூடுதலாகப் போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவே. பிரேக்கும் அச்சும் டயரும் பழையவையே. நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து எடை குறைவு என்று ஓட்டுநரே ஏமாந்துபோவதுதான் அதில் பெரிய ஆபத்து. தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதற்கு 52-ஆம் பிரிவில் தடையும் இருக்கிறது. எங்கள் வண்டிகளில் முன்பு கூடுதலாகப் போட்டிருந்த பட்டைகளைச் சென்ற தை மாதத்திலேயே கழற்றிவிட்டோம்.

சிமெண்ட் மூட்டையைப் போல எல்லாச் சரக்கும் எண்ணி ஏற்றக்கூடியதாக இருந்தால் சிக்கலில்லை. நம் ஊர்ச் சரக்கில் பாதி அப்படியில்லை. இளநீர் ஒன்று ஒன்றரைக் கிலோவும் இருக்கும், இரண்டரைக் கிலோவும் இருக்கும். எந்தத் தோப்பில் வெட்டியது, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து ஒரே எண்ணிக்கையில் அரை டன் வித்தியாசம் வந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது தென்னை நார்க்கழிவு. காய்ந்திருக்கும்போது வண்டித் தொட்டி நிறையக் குவித்தாலும் வண்டி சிரமமில்லாமல் போகும். களத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்துவிடும். பார்வைக்கு அதே குவியல், அதே நிறம், ஆனால் தொட்டி முக்கால் நிறைவதற்குள் பின்பக்க டயர் பிதுங்கத் தொடங்கும். ஆகவே எண்ணி ஏற்ற முடியாத சரக்குக்கெல்லாம் ஏற்றிய உடனே எடை மேடைக்குப் போய்விட்டுத்தான் வண்டி புறப்படும். அதற்கான கட்டணம் எங்களுடையது. சீட்டின் நகலை உங்களுக்கும் தருவோம்.

நீளமும் எடையைப் போலவே கவனிக்க வேண்டியது. 12 மி.மீ. முறுக்குக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர்க் கம்பி ஒன்று ஏறத்தாழ 10.7 கிலோ. நூறு கம்பி சேர்ந்தாலும் 1,070 கிலோவுக்குள் அடங்கிவிடுவதால் பிக்கப்பில் போட்டு அனுப்பலாமே என்று தோன்றும். எங்கள் தொட்டியின் நீளம் ஒன்பது அடி. கம்பியை நடுவில் மடித்தாலும் இருபது அடி. பதினோரு அடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சிவப்புத் துணி கட்டி ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டு போவதற்கு இருந்த சலுகையும் 2014-இல் எடுக்கப்பட்டுவிட்டது. தொட்டிக்கு வெளியே பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ சரக்கு நீண்டால் அதற்குத் தனியே 20,000 ரூபாய் அபராதம். பணத்தை விடுங்கள், இரவில் பின்னால் இருசக்கர வண்டியில் வருபவருக்கு அந்தக் கம்பி நுனி கண்ணில் படாது. கம்பியைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி வளைத்து வாங்கினால் நாங்கள் ஏற்றுகிறோம். முழுக் கம்பியாக வேண்டுமென்றால் நீளமான தொட்டியுள்ள லாரியை நாங்களே பேசி அனுப்புகிறோம், அதற்குத் தரகு வாங்க மாட்டோம்.

நீளச் சரக்கைப் பேசும்போது சிலர் டிரெய்லரைப் பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மகன் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், அங்கே பிக்கப்பின் பின்னால் நீண்ட டிரெய்லரைக் கோர்த்துக்கொண்டு சரக்கு இழுப்பதைக் கைப்பேசியில் காட்டி, "தோட்டத்துல டிராக்டர் டிரெய்லர் சும்மாதானே நிக்குது, உங்க வண்டிக்குப் பின்னால கோத்துட்டா?" என்றார். அங்கேயும் அது விருப்பம்போல் செய்வதன்று. மாநில எல்லை தாண்டி வணிகச் சரக்கு இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டுக்கு, அதாவது சுமார் நான்கரை டன்னுக்கு, மதிப்பிடப்பட்டிருந்தாலே கூட்டரசின் போக்குவரத்துத் துறையிடம் எண் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஓட்டுநருக்கு வணிக உரிமம் வேண்டும். நம் சட்டத்திலோ டிரெய்லர் என்பது தனி வாகனம். அதற்கெனப் பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். உழவுக்கெனப் பதிவான டிரெய்லரில் வாடகைச் சரக்கு ஏற்றக் கூடாது. எங்கள் பிக்கப்போ இழுவைக்கென்று சான்று பெற்ற வண்டியன்று. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் டிரெய்லர் வண்டியையே மடக்கிவிடும். ஆகவே இந்த வேலையை எந்த வாடகைக்கும் எடுக்க மாட்டோம்.

பெர்மிட்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. எங்கள் வண்டிகள் எல்லாமே அதற்குள் அடங்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அவை எல்லா வண்டிக்கும் நடப்பில் உள்ளன. ஓட்டுநர்களிடம் இருப்பது இலகுரக வாகன உரிமம். 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை அதே உரிமத்தில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்துவிட்டது.

வண்டிக்கான தாள்கள் எங்கள் பொறுப்பு. சரக்குக்கான தாள்கள் உங்கள் பொறுப்பு. தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும். கோபாலபுரத்தையோ மீனாட்சிபுரத்தையோ தாண்டிக் கேரளத்துக்குள் போவதானால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். தேங்காய்க்கு வரி இல்லாததால் அதற்கு ஈ-வே பில் தேவையில்லை; வீடு மாற்றுபவர்களின் புழங்கிய சாமானுக்கும் தேவையில்லை. ஆனால் டைல்ஸ், இரும்பு, எண்ணெய் போன்றவற்றை "பக்கத்துலதானே" என்று சொல்லி வெறுங்கையோடு ஏற்றச் சொல்லாதீர்கள். வழியில் பிடிபட்டால் சரக்கின் உரிமையாளர் வரியைப் போல இரண்டு மடங்கு தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும். அதுவரை எங்கள் வண்டியும் அங்கேயே நிற்கும். பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணைக் குறிப்பிட மறந்துவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. எந்த வண்டி வருகிறது என்பதை முதல் நாள் இரவே குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுவோம்.

கடைசியாக ஒன்று, சற்றே சங்கடமானது. கல்யாணச் சீருக்கு வண்டி பேசுபவர்கள் பாத்திரம், கட்டில், பீரோவோடு உறவினர் பத்துப் பேரையும் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்தால் மூன்றாம் நபர் காப்பீடு அவருக்குப் பொருந்தும். இலவசமாக ஏறி வரும் மற்றவர்களுக்குப் பொருந்தாது என்பது 2002-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன செய்தி. ஆகவே கேபினில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் தாராளமாக வரலாம். தொட்டியில் ஒரு குழந்தையைக்கூட ஏற்ற மாட்டோம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தாலும் எங்கள் ஓட்டுநர் மறுப்பார். அவரைக் கோபிக்க வேண்டாம், அப்படிச் சொல்லச் சொன்னது நாங்கள்தான்.

வாடகை விகிதம் இப்போதைக்கு மாறவில்லை. ஒரே இடத்துக்கு ஒரே நாளில் இரண்டு நடை தேவைப்பட்டால் இரண்டாவது நடைக்குக் கால் பங்கு குறைத்துக்கொள்கிறோம். முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குள் சரக்கு என்ன, எத்தனை, எவ்வளவு நீளம், நனைந்ததா காய்ந்ததா என்பதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற வண்டியைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிறுத்திவிடுவோம்.

இங்ஙனம்,
நிர்வாகத்தார்