ஹாலோவீன் கதை நேரம்: மாலதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

உன் மெயிலும் கூடவே மூன்று கதைகளும் வந்தன. உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சிகாகோவில் இலை உதிர ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் இப்போதே பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டை நிறுத்தியிருக்கிறார்கள், தபால்காரர் சுற்றிக்கொண்டு போகிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். தமிழ்ப் பள்ளியில் ஏழு முதல் பத்து வயது வரை இருபது பிள்ளைகள், நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். மூன்று கதைக்கும் கரு நல்ல கரு. ஆனால் நீ எழுதியிருப்பது உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு. “கோரைப் பற்களில் குருதி சொட்ட நின்ற அகோர உருவம்” என்ற வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார். நியூ ஜெர்சியில் பிறந்த எட்டு வயதுப் பிள்ளைக்குக் ‘குருதி’யும் தெரியாது, ‘அகோர’மும் தெரியாது. தெரிந்தாலும் பயப்படாது, ஏனென்றால் அந்த உருவம் எங்கே நிற்கிறது என்று நீ சொல்லவே இல்லை. பேய் எப்படி இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதுதான் பிள்ளைகளை நடுங்க வைக்கும்.

ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் வெளியிட்ட ஆங்கில நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு குட்டிக் கிழவி வருவாள். கல்லறைத் தோட்டத்தில் கிடந்த எலும்பைச் சூப்புக்காக எடுத்துவந்து அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப்போவாள். அலமாரியிலிருந்து ஒரு குரல்: “என் எலும்பைக் கொடு!” கிழவி போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். குரல் கொஞ்சம் கூடும். போர்வை இன்னும் மேலே ஏறும். மூன்றாவது தடவை குரல் வந்ததும் கிழவி தலையை வெளியே நீட்டி, “எடுத்துக்கோ!” என்று கத்துவாள். கதை முடிந்தது. எலும்புக்கு உரிமையாளர் யார், எப்படி இருந்தார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாக அது ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் இரண்டாவது கதையை, அதாவது மாடிப்படிக் கதையை, அந்த வழியில் கொண்டுபோகலாம். வர்ணனை முழுவதையும் அடித்துவிடு. பேச்சுத் தமிழிலேயே சொல்லு, பிள்ளைகள் வீட்டில் கேட்பது அதைத்தான்:

“மூணாவது படியில ஒரு ஈரக் காலடி. ஒண்ணே ஒண்ணு. அஞ்சாவது படியில இன்னொண்ணு. ஏழாவது படியில… ரெண்டு.”

இரண்டு காலடி சேர்ந்து பதிந்திருந்தால் ஏறி வந்தது அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். இதை நீ விளக்காதே. யாராவது ஒரு வாண்டு கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவன் காதில் சொல்லும், அது உன் குரலைவிட வேகமாக வேலை செய்யும்.

கடைசி வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளிதான் கஷ்டம். மார்க் ட்வைன் கதை சொல்லும் கலை பற்றி 1895இல் எழுதிய கட்டுரையில், தங்கக் கையைத் திருடியவனின் கதையை வைத்து இதைத்தான் காட்டுகிறார். அந்த மௌனம் சரியாக விழுந்தால் கேட்கிற சிறுமி செருப்பை விட்டே துள்ளிவிடுவாளாம். குறைத்துவிட்டால் பயம் சேர நேரம் இருக்காது. நீட்டிவிட்டால் பெரிய பிள்ளைகள் ‘இப்போ கத்தப்போறாங்க’ என்று மோப்பம் பிடித்துச் சிரித்துவிடுவார்கள். கடைசி இரண்டு வரியை முணுமுணுப்பாகச் சொல்லு, எல்லோரும் முன்னால் சாய்வார்கள். சாய்ந்து, அசைவு நின்றபிறகு ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் போதும். கடைசி வரியைக் கத்தும்போது முன்வரிசைக் குட்டிகளை நோக்கிப் பாயாதே. இரண்டாவது வரிசையில் “எனக்கெல்லாம் பயமே கிடையாது” என்று அளந்துகொண்டிருக்கும் பத்து வயதுக்காரனை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

நீளமும் குறைய வேண்டும். இடைவெளி விட்டுச் சொன்னால் நிமிடத்துக்கு நூறு சொல் தேறும். உன் கதை ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூறு சொல், அதாவது பன்னிரண்டு நிமிடம். ஏழு வயது அதுவரை தாங்காது. ஐந்நூறுக்குள் கொண்டுவா. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சிரிப்புக் கதை, நடுவில் மாடிப்படி, கடைசியில் மறுபடியும் சிரிப்பு. கத்தலோடு வீட்டுக்கு அனுப்பினால் இரவு பதினொரு மணிக்கு அம்மாக்கள் உனக்கு போன் போடுவார்கள்.

மூன்றாவது கதையை விட்டுவிடு என்றுதான் சொல்வேன். மிட்டாயில் விஷம் வைக்கும் முகமூடிக்காரன் வேண்டாம். இந்தப் பிள்ளைகள் அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் அன்று வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கப்போகிறவர்கள். தவிர, அது உண்மையும் இல்லை. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் தந்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் விஷ மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தான், ஆனால் கொடுத்தது அவனுடைய அப்பாவே.

அதற்குப் பதில் அயர்லாந்து ஜாக்கின் கதையைச் சொல்லேன். சாத்தானை ஆப்பிள் மரத்தில் ஏறவைத்து, இறங்க முடியாமல் அடிமரத்தில் சிலுவை கீறி, ‘உன் உயிரைத் தொடமாட்டேன்’ என்று சத்தியம் வாங்குகிறான். செத்தபிறகு சொர்க்கமும் சேர்க்கவில்லை, வாக்குப்படி நரகமும் சேர்க்கவில்லை. ஒரு தணலை, குடைந்த டர்னிப் கிழங்குக்குள் போட்டுக்கொண்டு இன்றைக்கும் அலைகிறான். சாத்தானை எமனாக்கிவிடாதே, அயர்லாந்துக் கதை அயர்லாந்திலேயே இருக்கட்டும். ஹாலோவீனுக்கு நாம் குடைந்து விளக்கு வைக்கிற பூசணி பின்னால் அமெரிக்காவில் வந்து சேர்ந்ததுதான். அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் மேயோ கிளையில் டோனகல் டர்னிப் விளக்கு ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. படத்தைத் தேடிப் பார், நம் பூசணியெல்லாம் அதன் முன்னால் சாது. ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டாதே. ஆல்வின் ஷ்வார்ட்ஸ் 1981இல் சிறுவர்களுக்காகத் தொகுத்த பேய்க்கதைப் புத்தகம் 1990களில் அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது. கதைகளோடு ஸ்டீபன் கேமலின் படங்களும் அதற்கு ஒரு காரணம். காதில் கேட்ட பேயைப் பிள்ளை தன்னால் தாங்குகிற அளவுக்குத்தான் கற்பனை செய்யும். படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நாலு மணிக்கு நிகழ்ச்சி என்கிறாய். 2007இலிருந்து இங்கே கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவது நவம்பர் முதல் ஞாயிறுதான், அதனால் அன்றைக்கு உங்கள் ஊரில் சூரியன் மறைய ஆறு மணி ஆகிவிடும். ஜன்னலைக் கறுப்பு சார்ட் பேப்பரால் மூடு. பேட்டரி மெழுகுவர்த்தி ஒன்று உன் முகத்துக்குப் பக்கத்தில் போதும். கதவு திறந்தே இருக்கட்டும், வெளியே போக வேண்டிய பிள்ளை சத்தமில்லாமல் போகலாம்.

நடுவில் பத்து நிமிடம் ‘செத்தவனின் உடம்பு’ விளையாட்டு வைக்கலாம். துணிக்கடியில் கிண்ணங்கள் கைமாறும்: தோலுரித்த திராட்சை கண், உலர்ந்த ஆப்ரிகாட் காது, ஸ்பாகெட்டி புழு. ஸ்பாகெட்டியை வேகவைத்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி ஃபிரிட்ஜில் வை, இல்லாவிட்டால் கட்டியாகிவிடும். செத்தவனின் கைக்கு, பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை. லேடெக்ஸ் ரப்பர் சிலருக்கு ஒவ்வாது. முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி மணிக்கட்டில் கட்டி, தட்டில் படுக்கவைத்து ஒரு நாள் முழுக்க ஃபிரீசரில் விடு. உரிக்கும்போது இழுத்தால் விரல் ஒடியும். குழாய்த் தண்ணீரில் காட்டிக் கத்தரியால் வெட்டி எடு. திராட்சையை யாரும் வாயில் போடக்கூடாது என்று முன்பே சொல்லிவிடு, கூட வரும் தம்பி தங்கைகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

முதல் கதையில் பூனை வரும் இடம் அருமை, அதில் கைவைக்காதே. மாடிப்படிக் கதையைச் சுருக்கியதும் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பு. எழுத்தில் வேண்டாம், இடைவெளியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
சாந்தி