படிகள் எத்தனை என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் உங்கள் நாளிதழில் மலைச் சுற்றுலா பக்கம் வருகிறது. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20 என்று கணக்காகப் போடுகிறீர்கள். போய் இறங்கும் இடத்தில் படி எத்தனை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு 16 வயது. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் இருக்கிறாள். மகன் வயிற்றுப் பேரனுக்கு 15, ஆட்டிசம். அவன் தம்பிக்கு 13. அவனுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு இடத்தில் நிற்க மாட்டான், அவ்வளவுதான். மூன்று பேரையும் ஒரே வேனில் மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பக்கத்திலேயே வத்தல்மலை இருக்கிறது. ஆனாலும் முதல் பயணத்துக்கு ஏலகிரி போதும் என்று முடிவு செய்து, போன மாதம் கிளம்பினோம்.

பெரியவனுக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. வளைவில் ஹாரன் அடிக்காமல் ஏறுங்கள் என்று டிரைவரிடம் சொல்லவும் முடியாது. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள் அல்லவா? பதினான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஹாரன் 1’ என்று போட்டுக் கொடுத்தேன். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த புத்தி! அடிவாரத்துப் பொன்னேரி தாண்டி ஏறத் தொடங்கியதும், பலகை கண்ணில் பட்டால் அவனே காதைப் பொத்திக்கொள்வான். ஹாரன் அடித்ததும் கையை எடுத்து பேனாவால் டிக் போடுவான். அதியமான் வளைவில் மட்டும், “ஆயா, நம்ம ஊரு” என்றான். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 2004 வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தானே, அவன் சொன்னது சரிதான்.

பேத்தியை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தோம். முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் குமட்டல் குறைவு. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தியதும் நல்லதாயிற்று. வாந்தி எடுத்தது துள்ளிக்கொண்டிருந்த சின்னவன்தான்.

ரோட்டில் ஒரு சிரமமும் இல்லை. வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் எல்லாம். மலைமேல் ஓரிடத்தில், பெயர் வேண்டாம், கழிப்பறைக்குப் போக மூன்று படி. ஓரத்தில் ஒரு சாய்தளம் இருந்தது, இருவர் பின்னாலிருந்து தள்ளியும் நாற்காலி ஏறவில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று படி ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி வர வேண்டும். அங்கே இருந்தது என் புடவை அகலம்கூட இல்லை. கடைசியில் அவள் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். பதினாறு வயதுப் பெண்ணை நாலு பேர் பார்க்கத் தூக்கிப்போனால் அவளுக்கு எப்படி இருக்கும்? அப்புறம் மத்தியானம் வரை தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் மறுபடி போக வேண்டுமே!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் இந்த வசதியை உரிமையாகவே சொல்கிறது. கட்டுகிறவர்கள் கட்டட்டும். அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு ஊர் பற்றி எழுதும்போதும் மூன்று விவரம் சேருங்கள்: வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை படி, வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா, அதன் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா. உங்கள் நிருபர் ஒரு டேப் கொண்டுபோனால் பத்து நிமிஷ வேலை.

அடுத்து ஏற்காடு என்கிறாள் பேத்தி. ஏற்காடு பற்றி உங்கள் நாளிதழில் வரும் நாளில் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.