சுரங்கத்தின் மேல் வீடு

அன்புள்ள முருகேசு,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காதே. தங்கச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"உங்க ஊர்ப் பெரிய லேசர் இதுக்கெல்லாம் ஆகாதா?" என்று கேட்டிருந்தாய். ஆகாதப்பா. அது 'கட்டற்ற எலக்ட்ரான் லேசர்' என்ற வகை, எக்ஸ்ரே உமிழ்வது. இங்கே ஜெர்மனியில், ஹாம்பர்கின் பாரன்ஃபெல்டில் தொடங்கி ஷெனஃபெல்டு வரை 3.4 கிலோமீட்டர் சுரங்கத்தில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் திறந்தார்கள். மேலே நாங்கள் உருளைக்கிழங்கு வாங்குகிறோம்; கீழே எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாய்கின்றன.

நீ வகுப்பில் நடத்திய லேசரில் எலக்ட்ரான் அணுவுக்குள் படியிறங்கும். படியின் உயரத்துக்கு ஏற்ற நிறம்தான் வரும். இங்கே அணுவே கிடையாது. வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி அடுக்கிய காந்தங்களுக்கு நடுவே வெறும் எலக்ட்ரான் கற்றையை விடுகிறார்கள். அது பாம்பாக நெளிந்து எக்ஸ்ரே உமிழ்கிறது. முதலில் கச்சேரிக் கைதட்டல் மாதிரி தாறுமாறாகத்தான் இருக்கும். போகப்போக அந்த ஒளியே எலக்ட்ரான்களை மெல்லிய அடுக்குகளாகச் சேர்த்துவிடும். பிறகு எல்லாம் ஒரே தாளம். காந்த இடைவெளியை மாற்றினால் அலைநீளமும் மாறும். 1971ல் ஜான் மேடி என்ற அமெரிக்க இயற்பியலாளர் எழுதிய யோசனை.

வைத்தியத்துக்கே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1999ல் அமெரிக்காவில், வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், இதன் அகச்சிவப்பு வகையைக் கொண்டு மூளைக்கட்டியை அறுத்தார்கள். கத்திக்கு ஒரு கட்டடமே வேண்டும் என்றால் எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?

எனக்குப் பிடித்த கதை வேறு. ஆப்பிரிக்காவில் செத்சே ஈ பரப்பும் தூக்கநோய்க் கிருமியில் ஒரு நொதி இருக்கிறது. அதன் படிகங்கள் கண்ணுக்கே தெரியாத பொடி. சாதாரண எக்ஸ்ரேயில் போதிய படம் கிடைப்பதற்குள் சிதைந்துபோகும். கலிஃபோர்னியாவில் உள்ள இதே வகை எக்ஸ்ரே லேசரிலும் சிதையத்தான் செய்யும், ஆனால் படம் பதிந்த பிறகு! ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்துப் பார். அதைப்போலச் சில மடங்குதான் அந்தத் துடிப்பின் நீளம். அதற்குள் அணுக்களால் நகர முடியாது. ஒரு படிகத்துக்கு ஒரு படம், அதோடு அது காலி. இப்படி லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கோத்து 2012ல் நொதியின் வடிவத்தை வெளியிட்டார்கள். நம் உடம்பில் உள்ள அதே வகை நொதியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதும் தெரிந்தது. மருந்து தேடுபவனுக்கு அந்த இடம்தானே வேண்டும்.

நம் கல்லூரிக் குழுப்படத்தில் நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாயே, இந்தக் கேமராவிடம் அந்த வேலை நடக்காது. தை மாதம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட படம் ஒன்று அனுப்பு.

உன்,
சிவா