கூரைக் கணக்குப் பாடம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியில் தச்சுத்தொழில் பயிலும் மாணவர்களுக்கு இப்பருவம் முதல் மரக்கூரையின் வடிவியலைத் தனிப்பாடமாகக் கற்பிக்கவிருக்கிறோம். கான்கிரீட் வீடுகளே எழும் காலத்தில் கழுக்கோலும் (கூரை உச்சியிலிருந்து சுவருக்குச் சரிந்திறங்கும் மரம்) உத்தரமும் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பிள்ளைகளின் பிழைப்பை எண்ணி எழுந்த கேள்வி என்பதால், விரிவாகவே விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

16 அடி அகலமுள்ள ஒரு வீட்டில் முகடு சுவரைவிட 6 அடி உயர்ந்தால், சுவரிலிருந்து நடுவரை 8 அடி. ஆகவே கழுக்கோல் சரியாக 10 அடி. பிதாகரஸ் தேற்றம் படித்த எந்த மாணவரும் இதைச் சொல்லிவிடுவார். சிக்கல் மூலையில்தான் தொடங்குகிறது. நாற்புறமும் ஒரே சரிவில் இறங்கும் கூரையில், சுவர் மூலையிலிருந்து முகட்டுக்கு ஏறும் மூலைக் கழுக்கோல் 8 அடிச் சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் செல்வதால் அதன் நீளம் 12 அடி 9½ அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். அதன் சரிவும் மற்றவற்றைவிடக் குறைவு. ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களான பட்டியல்கள் படிந்து உட்கார அதன் மேல்முகத்தை இருபுறமும் சாய்வாக இழைக்க வேண்டும். அதில் வந்து முட்டும் குட்டைக் கழுக்கோல்களை 2 அடிக்கு ஒன்றாக வைத்தால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2½ அடி குறையும். அவற்றின் முனையை இரண்டு கோணங்களில் ஒருசேர அறுக்க வேண்டும். இதில் பிசகினால் ஓடு படியாது. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அந்த இடைவெளி வழியே நீர் இறங்கி, மரம் உளுத்துவிடும்.

இக்கணக்கு அறியாதவர்கள்தாம் ஒரு கழுக்கோல் கெட்டாலும் முழுக்கூரையையும் இறக்கிவிட்டுத் தகடு போடச் சொல்கிறார்கள். அறிந்தவர் அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருவார். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் அலைவதை நானே பார்க்கிறேன்.

பயிற்சிக்கூடத்தின் தரையில் சுண்ணாம்புக் கயிறு அடித்து, கூரையை முழு அளவிலேயே வரைந்து, மரத்தை அந்தக் கோடுகளின் மேல் வைத்துக் குறிக்கப் பழக்குவோம். பிரான்சுத் தச்சர்களிடம் வழிவழியாக வரும் இத்தகைய வரைகலையை யுனெஸ்கோ 2009-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. நமக்கோ, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனை தக்கலைக்கு அருகிலேயே இருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, மூலைகளில் கழுக்கோல்கள் சேரும் விதத்தைக் கீழிருந்து பார்த்து வரையச் செய்வோம்.

இப்பயணத்திற்கான ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தில் ஓட்டுக்கூரை கட்டிய மூத்த ஆசாரிமார் இருந்தால், அவர்களைத் தங்கள் முழக்கோலுடன் (தச்சரின் அளவுகோல்) ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்